தலை எண்ணெயும் தங்கத் தாளும்

தங்கத் தாளைக் கையால் எடுக்க முடியாது. தொட்டால் பொடிந்து விரல் ரேகைக்குள் போய்விடும். மூச்சைக் கொஞ்சம் பலமாக விட்டாலே எழும்பிப் பறக்கும். ஒரு பஞ்சுத் துண்டைத் தலைவகிட்டின் ஓரமாக ஒரு தடவை இழுத்து, அந்தப் பஞ்சால் தாளை மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். மயிரில் இருக்கிற தேங்காய் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத அளவில் பஞ்சில் ஏறும். அந்த அளவுதான் தேவை. கெட்டிக்காரத்தனமாகப் பஞ்சை எண்ணெய்ப் போத்தலில் தொட்டால், தாள் பஞ்சோடு அப்பிக்கொண்டு புத்தகத் தோலட்டையில் இறங்க மறுத்துவிடும். நான் இதைச் சொன்னபோது அச்சக முதலாளி சிரித்தார். செய்து காட்டிய பிறகுதான் வாயை மூடினார்.

மட்டக்களப்பு நகரத்தில் அந்த அச்சகத்தின் பின்பக்கம், வாவியைப் பார்த்த ஜன்னலோடு என் மேசை இருந்தது. பைண்டிங் பிரிவு என்று பலகையில் எழுதியிருக்கும். பிரிவு என்றால் நானும், தாள் வெட்டுகிற ஒரு மெசினும்தான். பாடசாலை வரவு இடாப்பு, பற்றுச்சீட்டுப் புத்தகம், கோயில் நிர்வாக சபைக் கொப்பி என்று மட்டையும் துணியும் ஒட்டிக் காலம் போனது. எப்போதாவது யாராவது தடித்த புத்தகத்தின் முதுகில் தங்க எழுத்துக் கேட்பார்கள். அதற்காக ஒரு தகரப் பெட்டியில் பித்தளை எழுத்துகளும், வளைவு, கோடு, புள்ளி என்று சில அச்சுகளும் கிடந்தன. தோலில் முட்டை வெள்ளைக்கருவைப் பூசிக் காயவிட்டு, மேலே தங்கத் தாளை வைத்து, அச்சைச் சூடாக்கி அமத்த வேண்டும். அமத்தின இடத்தில் மட்டும் தங்கம் நிற்கும். மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடலாம்.

அச்சு மெசின் ஓட்டுகிறவர் காத்தான்குடிக்காரர். நாலு பிள்ளைகளின் தகப்பன்; ஆனால் என்னைவிட இளையவர் என்பதால் எனக்குத் தம்பி. தொழுகைத் தொப்பிக்குக் கீழே எண்ணெயை நெற்றி வரைக்கும் வழியவிட்டுக்கொண்டு வருவார். நான் பஞ்சைத் தலையில் தேய்க்கும்போதெல்லாம், "அக்கா, உங்கட தலை பத்தாட்டிச் சொல்லுங்க, என்ட தலையில ஒரு வருசத்துக்குத் தங்கம் ஒட்டலாம்" என்பார். நான் முறைப்பேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது அச்சகம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

2004 மார்கழியில், நத்தாருக்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, கடல் எழும்பி ஊருக்குள் வந்தது. எங்கள் வீடு தேற்றாத்தீவில், பெரிய தெருவுக்கு வாவிப் பக்கம். வீட்டு வாசல் வரைக்கும்கூடத் தண்ணீர் வரவில்லை. என் கணவர், கரைவலை இழுத்து முடிகிற நேரம் பார்த்து மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தார். அடுத்த நாள் தாழம் பற்றைக்குள்ளிருந்து அவரை எடுத்தார்கள். ஆளாவது கிடைத்ததே, நீ குடுத்து வைத்தவள் என்று ஊரில் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவர்கள் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகுதான் விளங்கியது.

எங்களுக்கு ஒரே மகன். அப்போது பதினான்கு வயது. தகப்பனுக்கு முதல் பிடி மண்ணை அவன்தான் போட்டான். முப்பத்தோராம் நாள் என் தங்கச்சி படுவான்கரையிலிருந்து வந்தாள். வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலையில், வயல் வட்டைக்குப் பக்கத்தில் அவளுக்கு வீடு. முற்றத்தில் என்னைப் பலகையில் இருத்தித் தலை நிறைய எண்ணெய் வைத்தாள். எங்கள் வீட்டு வழக்கத்தில் துக்க நாட்களில் தலைக்கு எண்ணெய் இல்லை. எண்ணெய் வைத்து முழுகிவிட்டால் துக்கம் முடிந்ததாகக் கணக்கு. மனதுக்குள் அது முடியாது என்பது வைக்கிறவளுக்கும் தெரியும், வைத்துக்கொள்கிறவளுக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அடுப்பு மூட்டலாம், வேலைக்குப் போகலாம், பஸ்ஸில் யாரோ பகிடி விட்டால் சிரிக்கலாம்.

நான் திரும்ப வேலைக்குப் போன முதற் கிழமையே அந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது.

அது கடற்கரை ஓரத்துக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றின் பழைய பூசைப் புத்தகம். கூரையும் சுவரும் போன கோயில். புத்தகத்தை வேலிக் கம்பியில் சிக்கியிருந்த நிலையில் எடுத்தார்களாம். பாதர் அச்சகத்துக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் உச்சியில் ஒரு மயிரும் இல்லாத, பொறுமையான மனிதர். கோயில் வளவில் இரண்டு மரங்களுக்கு நடுவே பழைய வலையைக் கட்டி, அதன் மேல் புத்தகத்தை விரித்துக் காயவைத்திருந்தார்கள். கடும் சிவப்புத் தோல் அட்டை, முன்னும் பின்னும் ஒரே வேலைப்பாடு. ஓரம் முழுக்கத் திராட்சைக் கொடி, மூலைகளில் கோதுமைக் கதிர், நடுவில் ஒரு பறவை. எல்லாம் ஒரு காலத்தில் தங்கம். பின்னட்டையில் தங்கம் அரைவாசி இருந்தது. முன்னட்டையில் கடல் முக்கால்வாசியைத் தின்றிருந்தது. பறவைக்குக் கீழே ஒரு துண்டுத் தோலே கிழிந்து போயிருந்தது.

சுற்றி நின்றவர்கள் கோயிலைச் சேர்ந்த மீன்பிடிகாரர்கள். பரம்பரையாக அந்தப் புத்தகத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றவர்கள். ஆனால் அது எப்போதும் பீடத்தின் மேலே இருந்ததால், அட்டையை ஒருவரும் கிட்டப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"பாதர், இது கூழைக்கடாதானே?" என்றார் ஒருவர்.

"ஓம், கூழைக்கடாதான்."

"அது வலையக் கிழிச்சி மீனத் திண்டுட்டுப் போற சனியனாச்சே! அதயா பூசைப் புத்தகத்தில வச்சிரிக்கிறாங்க?"

இன்னொருவர் பாதரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்க மறுகா தங்கம் அடிக்கக்குள்ள இத ஒரு கொக்கா மாத்திப் போடுங்க. கொக்கெண்டாப் பரவாயில்ல."

பாதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வளவில் அந்த மாதத்தில் யாராவது சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பிறகு அவர் விளக்கினார். அந்தப் பறவை மீன் தின்னவில்லை. குஞ்சுகள் பசியில் சாகக் கிடக்கும்போது, தாய் தன் நெஞ்சைத் தானே கொத்தி இரத்தத்தைக் கொடுக்கிறது என்று பழைய நம்பிக்கையாம். கிறிஸ்து தன் இரத்தத்தைக் கொடுத்ததற்கு அது அடையாளம். திராட்சை இரத்தம், கோதுமை உடம்பு. ஓரக்கொடி எங்கேயும் அறுபடாமல் சுற்றி வருவது முடிவில்லாத வாழ்வு.

"இரத்தமெண்டால் சிவப்பிலயெல்லோ போட்டிருக்க வேணும், பாதர்? என்னத்துக்குத் தங்கம்?" என்று கேட்டேன்.

"தங்கம் கறுக்காது, புள்ள. துருப்பிடிக்காது. அழியாத வெளிச்சத்துக்கு அதத்தான் வைப்பாங்க."

நான் முன்னட்டையைக் காட்டினேன். ஒரு காலைநேரக் கடல் அந்த அழியாத வெளிச்சத்தைத் துடைத்துக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியது, எப்போதோ ஒருவன் சூட்டச்சால் தோலில் அமத்தின பள்ளம். உப்புத்தண்ணீரால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. தங்கம் போன இடத்திலும் கொடி எங்கே வளைகிறது, இலை எங்கே பிரிகிறது என்று விரலால் வாசிக்கலாம். எனக்கு அந்தப் பள்ளத்தில்தான் நம்பிக்கை வந்தது. பாதரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர், அவருக்கும் அன்றைக்கு ஏதாவது மின்ன வேண்டியிருந்தது.

அந்த வருடம் அவசரமில்லாமல், ஆறுதலாக வேலை செய்தேன். தாள்களைப் பிரித்து மண் தட்டித் திரும்பத் தைத்தேன். கிழிந்த இடத்துக்குப் புதுத் தோல் வைத்தேன். பாதர் கொழும்பிலிருந்து தங்கத் தாள் கொண்டுவந்து தந்தார். பழைய பள்ளத்தின் மேலேயே அச்சை வைத்து, வளைவு வளைவாகக் கொடியை முடித்தேன். அந்தக் கொடியில் இருக்கிற தங்கம் முழுக்க என் தலை எண்ணெயில் ஏறினது. தங்கச்சி வைத்துவிட்ட எண்ணெய்க்குப் பிறகு வந்த எண்ணெய் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. பறவை கஷ்டம் என்பதால் அதைக் கடைசிக்கு விட்டேன்.

மகன் ஒரு சனிக்கிழமை அச்சகத்துக்கு வந்தபோது பின்னட்டையைக் கவனமாகப் பார்த்தான். பறவைக்குக் கீழே மூன்று குஞ்சுகள். இரண்டு ஒழுங்காகத் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. மூன்றாவது கழுத்தைச் சரித்து, வாயைக் காதுவரை பிளந்துகொண்டு நிற்கிறது.

"அம்மா, இவன் நான்தான்," என்றான். "பசி தாங்கமாட்டான்."

முன்னட்டையில் கிழிந்து போன துண்டில் இருந்தது அந்த மூன்றாவது குஞ்சுதான். அதன் பள்ளமே இல்லை. புதிதாக அமத்த வேண்டும்.

அதற்கு அடுத்த வருடம் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரியூசன் வகுப்புக்குப் போன பிள்ளை. யார் பிடித்தது என்று நான் எழுதப்போவதில்லை. அந்த நாட்களில் எங்கள் பக்கம் பிள்ளை பிடித்தவர்கள் ஒரு தரப்பில் மட்டும் இருக்கவில்லை, எந்தப் பெயரை எழுதினாலும் மற்றவருக்கு அது வசதியாகப் போய்விடும். சைக்கிள் மட்டும் குருக்கள்மடத்துப் பக்கம் தெருவோரத்தில் கிடந்தது. நான் போகாத முகாம் இல்லை, கும்பிடாத கால் இல்லை. பிறகு அவனை வடக்கே, சண்டை நடக்கிற வன்னிக்குக் கொண்டுபோய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அன்று தொடக்கம் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. அது அம்மனுக்கு வைத்த நேர்த்திக்கடன். அவன் வந்து படலையைத் திறக்கிற நாளில்தான் எண்ணெய். புத்தகத்தை வெள்ளைத் துணியில் சுற்றி அச்சக அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பாதர் கேட்கவில்லை. தம்பியும் எண்ணெய்ப் பகிடியை விட்டுவிட்டார்.

2009 வைகாசியில் சண்டை முடிந்தது என்றார்கள். நகரத்தில் வெடி கொளுத்தினார்கள். நான் மகனின் படத்தை எடுத்துக்கொண்டு வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். முட்கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் பிள்ளை தேடி வந்த நாங்கள், அந்தப் பக்கம் வன்னியிலிருந்து கொண்டுவந்து அடைத்து வைத்த சனம். படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலி நீளத்துக்கு நடப்பேன். ஒரு பெண்பிள்ளை மட்டும், மாசி மாதத்தில் அவனைப் பதுங்கு குழி ஒன்றில் கண்டதாகச் சொன்னாள். மெலிந்திருந்தானாம். தன்னிடம் தின்ன ஏதும் இருக்கிறதா என்று கேட்டானாம். அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து வீட்டைத் திறந்தால், ஒரு ஆளின் சத்தம்கூட இல்லாத வீடு. வானொலியைப் போட்டுவிட்டுச் சமைப்பேன். இரண்டு பேருக்குத்தான் அரிசி போடுவேன், அடுத்த நாள் பழஞ்சோறு தின்பேன்.

ஆனி மாதம் தங்கச்சி ஒரு போத்தல் எண்ணெயோடு வந்தாள். அவளே தேங்காய் துருவிக் காய்ச்சின எண்ணெய். முற்றத்தில் பலகையையும் போட்டாள். எனக்கு விளங்கிவிட்டது.

"என்னத்துக்கு இது?" என்றேன்.

"அக்கா, காணும், விடுங்க. சண்ட முடிஞ்சி முப்பத்தொண்டு தாண்டிப் பெய்த்து. புள்ளைக்கு ஒரு சோறு படைக்கவுமில்ல, நீங்களும் இப்பிடிப் பரட்டத் தலையோட. அவன்ட ஆத்துமா அலையும்."

"ஆர் சொன்ன அவன் செத்தெண்டு? நீ கண்டியா?"

"காணல்ல. உங்களத்தான் காணுறன்." அழத் தொடங்கிவிட்டாள். "இன்னும் எத்தின நாளைக்கு இப்பிடி இரிக்கப் போறீங்க?"

நான் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. அவள் போத்தலைக் குசினி ராக்கைத் தட்டில் வைத்துவிட்டு, பின்னேரப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவள் பிடிவாதக்காரி இல்லை. நான் மட்டும்தான் அப்படி. அவள் மூன்று பிள்ளை பெற்றவள், எல்லாம் வீட்டில் இருக்கின்றன என்ற ஆற்றாமையில்தான் கத்தினேன்.

அதே மாதம் பாதர் வந்தார். ஆவணியில் திருவிழா, கோயிலைக் கட்டி முடித்துவிட்டார்கள், புத்தகம் கிடைத்தால் நல்லது என்றார். "அவசரமில்லை" என்றும் சொன்னார். நான் அலுமாரியைத் திறந்தேன். முட்டையை உடைத்து, வெள்ளைக்கருவை அடித்துப் பூசிக் காயவிட்டேன். பஞ்சை எடுத்துத் தலையில் இழுத்தேன். தாளில் ஒற்றினேன். தாள் அசையவே இல்லை. இன்னொரு தடவை, இன்னும் அழுத்தி. தாள் நடுவால் கிழிந்து, துண்டு ஒன்று எழும்பி ஜன்னல் பக்கம் போயிற்று. மூன்று வருடம் எண்ணெய் காணாத தலை. அதில் என்ன இருக்கும்?

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தங்கச்சியும் சரி, இந்தத் தாளும் சரி, எல்லாரும் என் தலையைத்தான் கேட்கிறார்கள் என்று தோன்றியது. எண்ணெய் வைத்தால் பறவை முடியும். எண்ணெய் வைத்தால் என் பிள்ளை செத்தவன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியிடம் போனேன். மண்முனைத் துறையில் பாதை ஏற வேண்டும். ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றி வாவியைக் கடக்கிற தட்டைப் படகைத்தான் நாங்கள் பாதை என்போம். அவள் படலைக்கே வந்து கூட்டிக்கொண்டு போனாள். சோறு தந்தாள். பின்னேரம் அவளுடைய வளவுக்குப் பின்னால் இருக்கிற குளத்துக்குக் குளிக்கப் போனோம். அங்கே மரங்களில் கூழைக்கடாக் கூடுகள். ஒரு தாய் வந்து இறங்கியது. வாயைத் திறந்தது. குஞ்சு தலையையும் கழுத்தையும் தாயின் தொண்டைக்குள் விட்டு, சிறகை அடித்து அடித்து எதையோ இழுத்துத் தின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் தாய் குஞ்சை விழுங்குவதாகத்தான் தெரியும். நெஞ்சைக் கொத்தவுமில்லை, இரத்தமுமில்லை.

அந்தப் பறவையைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். பொன்னில் அடித்து வைத்த பறவை மேலும் அந்தப் பொறாமை இருந்தது. அது நெஞ்சைக் கொத்தினால் குடிக்க மூன்று வாயும் முன்னால் இருக்கின்றன. என் பிள்ளை யாரோ ஒருத்தியிடம் தின்ன ஏதும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். நான் இருநூறு மைலுக்கு இந்தப் பக்கம் இரண்டு பேருக்குச் சோறு ஆக்கிக்கொண்டு இருந்தேன். கொத்திக் கொடுக்க எனக்கு நெஞ்சு இல்லாமலா?

திங்கட்கிழமை தம்பியிடம் போய், "தலையக் குனி" என்றேன்.

மெசினை நிற்பாட்டினார். பஞ்சைக் கண்டதும் விளங்கிக்கொண்டார். முன்பு என்றால் ஆயிரம் கதை சொல்லியிருப்பார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கைகள் இரண்டையும் முழங்காலில் ஊன்றி, குனிந்து நின்றார். தாளுக்குத் தாள் அப்படித்தான். எண்ணெய் கொஞ்சம் கூடுதல் என்பதால் இரண்டாவது பஞ்சில் துடைத்து எடுக்க வேண்டியிருந்தது, ஆனால் தங்கம் வந்தது. பறவையின் சிறகு, கழுத்து, நெஞ்சில் விழுகிற இரத்தத் துளிகள், முதல் குஞ்சு, இரண்டாவது குஞ்சு. எல்லாம் மின்னின.

மூன்றாவது குஞ்சுக்குப் புதுத் தோல். பின்னட்டையைப் பார்த்துப் பார்த்து, சின்ன வளைவு அச்சுகளால் கழுத்து சரிந்ததையும், பிளந்த வாயையும் சூட்டோடு அமத்தினேன். தங்கம் வைக்கவில்லை. ஆழமாக, கருகுகிற அளவுக்குக் கிட்டக் கொண்டுபோய் அமத்தினேன்.

தம்பி இன்னும் குனிந்துகொண்டுதான் நின்றார். "மத்ததுக்கும் எடுங்க அக்கா."

"அதுக்கு வேணாம் தம்பி. அது என்ட தலையால வைக்க வேணும்."

அவர் நிமிர்ந்து, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மெசினுக்குப் போனார். வெகுநேரம் அதை ஓடவிடவில்லை.

பாதர் புத்தகத்தை வாங்கியதும் விரலால் தடவிப் பார்த்தார். விரல் அந்த இடத்தில் நின்றது. "இதில தங்கம் விட்டுப் போச்சே, புள்ள?"

"விட்டுப் போகல்ல பாதர். இடம் வச்சிரிக்கன்."

அவர் என் தலையைப் பார்த்தார். பிறகு குஞ்சைப் பார்த்தார். புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, "இப்பிடியே இரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருவிழாவுக்கு நானும் போனேன். பின்வரிசையில் நின்றேன். புத்தகத்தை உயர்த்திப் பிடித்தபோது வெயில் பட்டுக் கொடியும் பறவையும் பளிச்சிட்டன. கூழைக்கடா வேண்டாம் என்று சொன்ன மீன்பிடிகாரர் எனக்கு முன்னால் முழங்காலில் நின்றார். அவர் திரும்பி, "நல்லாத்தான் இரிக்கு" என்றார்.

ஒரு தங்கத் தாள் மிச்சம் வைத்திருக்கிறேன். இரண்டு மெல்லிய கடதாசிக்கு நடுவில், மகனின் பாடசாலைச் சான்றிதழ் இருக்கிற கோவைக்குள், காற்றுப் படாமல். மண்முனையில் இப்போது பாலம் வந்துவிட்டது. தங்கச்சி பஸ்ஸிலேயே வந்துவிடுகிறாள். வருடத்துக்கு ஒரு தடவை, ஆனி மாதத்தில், புதிதாகக் காய்ச்சின எண்ணெயோடு வருகிறாள். ராக்கையில் இருக்கிற பழைய போத்தலை மணந்து பார்த்து, "இது சிக்கடிச்சிப் பெய்த்து அக்கா" என்று சொல்லி, அதை விளக்குக்கு ஊற்றி வைத்துவிட்டு, புதிய போத்தலை அதே இடத்தில் வைக்கிறாள். பிறகு சோறு போடுகிறேன். அவள் மூன்று சோற்றுக் கோப்பை எடுத்து வைக்கிறாள்.